ஆப்பிளுக்கு எந்தக் குட்டை வேர்ச்செடி? உங்கள் நிலத்திலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

சிம்லா மாவட்டத்தில் ஆப்பிள் தோட்டக்காரர்கள் நான்கு பேரிடம் "அடர் நடவுக்கு எந்த வேர்ச்செடி நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள், நான்கு பதில் வரும், நான்கையும் அடித்துச் சொல்வார்கள். எம்9 தவிர வேறு எதையும் தொடாதே என்பார் ஒருவர். எதிர்ச் சரிவில் இருப்பவர் தன் எம்9 வரிசையில் செத்துப்போன இடங்களைக் காட்டி எம்எம்111தான் மலைக்கு லாயக்கு என்பார். இன்னொருவர் ஜெனீவா வேர்ச்செடி வந்த பிறகு இதெல்லாம் பழைய கதை என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் மண், அவரவர் தண்ணீர், அவரவர் ரகம். உங்கள் நிலத்துக்கு எது என்று தெரிய வேண்டுமானால் உங்கள் நிலத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. அதைக் காசும் வருடமும் வீணாகாமல் செய்வது எப்படி என்று, இங்கே சில வருடங்கள் டேப்பும் நோட்டுமாக அலைந்ததில் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நம் ஊர் ஒட்டுமாங்கன்று தெரிந்தவர்களுக்கு வேர்ச்செடி என்றால் விளக்கம் தேவைப்படாது. கீழே வேர் ஒரு செடியுடையது, மேலே காய்ப்பது வேறொன்று. ஆனால் மாவில் கீழே இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு கொட்டையிலிருந்து முளைத்த கன்று, அதற்குப் பெயர்கூடக் கிடையாது. ஆப்பிளில் கீழே இருப்பதற்குப் பெயரும் எண்ணும் உண்டு. ஒரே தாய்ச்செடியிலிருந்து மண் அணைத்து வேர்விட வைத்துப் பெருக்கியது என்பதால் எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி ஒரே குணத்தோடு இருக்கும். மரம் எவ்வளவு உயரம் போகும், எத்தனையாவது வருடம் காய்க்கத் தொடங்கும் என்பதில் மேலே ஒட்டிய ரகத்தைவிட இதன் கைதான் பல நேரம் ஓங்கியிருக்கும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் எல்லோரும் குழம்புகிறார்கள். இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஹாட்டன் என்பவர், ஐரோப்பிய நர்சரிகளில் கண்டபடி பெயர் மாறிக் கிடந்த வேர்ச்செடிகளைச் சேகரித்து, பிரித்து, எண் கொடுத்தார். எம் என்பது மாலிங். எண்ணுக்கும் உயரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எம்27 எம்9ஐவிடக் குட்டை, எம்26 எம்9ஐவிடக் கொஞ்சம் பெரிது. எம்எம் என்று வருபவை மெர்ட்டன் என்ற ஊரில் இருந்த ஜான் இன்னஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியவை. பஞ்சு அசுவினியை, அதாவது பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சியை, தாங்க வேண்டும் என்பதற்காக நார்தர்ன் ஸ்பை என்ற ரகத்தைக் கலந்து எடுத்தார்கள். ஜி என்று தொடங்குபவை ஜெனீவா வரிசை. சுவிட்சர்லாந்து ஜெனீவா இல்லை, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஜெனீவா. அங்கே கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் 1968இல் தொடங்கிய இனப்பெருக்க வேலையில் வந்தவை.

சரி, முதல் வேலை எதை எதோடு ஒப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்வது. விதைக்கன்றில் ஒட்டிய மரத்தின் அளவை 100 என்று வைத்துக்கொண்டால் எம்9 சுமார் 30 முதல் 40, எம்26 அதற்குச் சற்று மேலே, எம்எம்106 60ஐத் தாண்டும், எம்எம்111 80ஐ ஒட்டிப் போகும். எம்9ஐயும் எம்எம்111ஐயும் ஒரே 3க்கு 1 மீட்டர் இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் நட்டுவிட்டு எது நல்லது என்று பார்ப்பது அர்த்தமில்லாத வேலை. நாலாவது வருடம் பெரியது சின்னதை நிழலில் அமுக்கிவிடும், அப்புறம் நீங்கள் அளப்பது வேர்ச்செடியை அல்ல, நிழலை. ஒரே அளவு வகுப்பில் உள்ளவற்றை ஒன்றாக வையுங்கள்: எம்9 டி337, கொஞ்சம் வேகமாக வளரும் எம்9 பஜாம் 2, ஜி11, ஜி41 என்று. பெரிய வகுப்பையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதை அதற்குரிய இடைவெளியில் தனித் துண்டில் வைத்து, கடைசியில் ஹெக்டேர் கணக்கில் ஒப்பிடலாம்.

எங்கே நடுவது என்பதில்தான் நிறைய பேர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். சோதனை என்றவுடன் வீட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, நல்ல மண் உள்ள மூலையில் வைத்துவிடுவார்கள். அங்கே எதை வைத்தாலும் வளரும். ஆனால் நீங்கள் உண்மையில் நடப்போவது எங்கே? விதைக்கன்றில் ஒட்டிய பழைய ராயல் ரக மரங்களைப் பிடுங்கிப்போட்ட இடத்தில். ஆப்பிள் இருந்த குழியில் மறுபடி ஆப்பிள் வைத்தால் மண்ணில் தங்கியிருக்கும் பூஞ்சையும் நூற்புழுவும் சேர்ந்து இளம் வேரைத் தின்றுவிடும், இதற்கு மறுநடவு நோய் என்று பெயர். எம்9க்கு இது பெரிய அடி. ஜெனீவா வரிசையில் ஜி41, ஜி890 போன்றவை இதைத் தாங்கும் என்பதுதான் அவற்றின் முக்கிய விற்பனைப் பேச்சு. புது மண்ணில் சோதித்தால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆகவே பழைய மரம் நின்ற இடத்திலேயே, உங்களிடம் இருப்பதில் சராசரியான மண்ணிலேயே வையுங்கள்.

அடுத்து, அமைப்பு. ஒரு வரிசை முழுக்க ஒன்று, அடுத்த வரிசை முழுக்க இன்னொன்று என்று நடாதீர்கள். மலைச்சரிவில் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் மண் ஆழமே வேறு, ஈரம் வேறு. கீழ் வரிசையில் வைத்தது ஜெயிக்கும், நீங்கள் வேர்ச்செடி ஜெயித்தது என்று நினைப்பீர்கள். நான் செய்வது இப்படி: நான்கு வேர்ச்செடி என்றால் நிலத்தை ஆறு துண்டாகப் பிரிப்பேன், சரிவின் மேலே இரண்டு, நடுவில் இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொரு துண்டிலும் நான்கு வேர்ச்செடியும் இருக்கும், ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்து நான்கு மரம். எது எந்த இடத்தில் என்பதை அந்தந்தத் துண்டுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வேன், கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று மாற்றக் கூடாது. ஆக ஒவ்வொரு வேர்ச்செடிக்கும் 24 மரம், மொத்தம் 96. 3க்கு 1 மீட்டரில் 288 சதுர மீட்டர் ஆகும், அவ்வளவுதான் இடம். நாலு மரமாகச் சேர்த்து வைப்பதற்குக் காரணம், நடுவில் உள்ள இரண்டுக்காவது பக்கத்து வேர்ச்செடியின் நிழல் படாது. இரண்டு ஓரத்திலும் அளவெடுக்காத காவல் மரம் ஒன்று இருக்கட்டும்.

மேலே ஒட்டும் ரகம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுவும் நீங்கள் வியாபாரமாக வைக்கப்போகும் ரகமாக இருக்க வேண்டும். இது சும்மா சொல்வதில்லை. காலா மாதிரி வேகமாக வளரும் ரகம் எம்9இல் அழகாக, மரத்தைத் தாங்கக் கட்டும் 3 மீட்டர் உயரக் கம்பியைத் தொடும். அதே எம்9இல் ஸ்பர் வகை டெலிஷியஸை, அதாவது இயல்பிலேயே மெதுவாகக் குட்டையாக வளர்வதை, மெலிந்த மண்ணில் வைத்தால் இடுப்பளவில் நின்றுவிடும். இரண்டாம் வருடமே நாலு காய் பிடித்துவிட்டால் அதோடு வளர்ச்சி முடிந்தது, அப்புறம் எத்தனை உரம் போட்டாலும் மேல் கம்பி காலியாகவே இருக்கும். காலாவில் பார்த்த முடிவை ஸ்பர் டெலிஷியஸுக்கு எடுத்துப் போட்டு நொந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் வேர்ச்செடியைத் திட்டுவார்கள்.

கன்றுகள் முடிந்தவரை ஒரே நர்சரியில் ஒரே வயதில், ஒரே தடிமனில் வாங்குங்கள். ஒன்று பக்கக்கிளைகளோடு வந்து இன்னொன்று குச்சியாக வந்தால் முதல் மூன்று வருட விளைச்சலை அந்த வித்தியாசமே தின்றுவிடும். வந்த கன்று கேட்ட வேர்ச்செடிதானா என்பதும் ஒரு தலைவலி. ஒருமுறை எம்9 என்று சொல்லி எங்களுக்கு வந்த கட்டில் நாலைந்து கன்று மூன்றாம் வருடம் பக்கத்து மரத்தைப்போல இரண்டு மடங்கு நின்றது. நர்சரியில் கட்டு மாறியிருக்கிறது, விற்றவருக்கே தெரியவில்லை. சந்தேகம் வந்தால் அடியில் முளைக்கும் வேர்க்கன்று ஒன்றை வெட்டாமல் விட்டுப் பாருங்கள். அதன் இலை வேர்ச்செடியின் இலை, உங்கள் ரகத்தின் இலை அல்ல. ரஷ்யாவில் மிச்சுரின்ஸ்க் ஊரிலிருந்து வந்த புதகோவ்ஸ்கி 9 என்றால் இலை சிவந்தே இருக்கும், குழப்பமே இல்லை.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பதை எல்லா மரத்திலும் ஒரே அளவாக வையுங்கள், 12 முதல் 15 சென்டிமீட்டர் என்று. ஒட்டு உயரமாக நின்றால் மரம் இன்னும் குட்டையாகும், தாழ்ந்தால் வளரும், ஆகவே இந்த ஒரு அளவு பிசகினாலே முடிவு பிசகிவிடும். சமவெளியில் ஒருமுறை சரியாக வைத்தால் போதும். மலையில் அப்படி இல்லை. மழைக்காலம் தவறாமல் மேல்பக்க மண் கரைந்து வந்து மரத்தின் அடியில் தங்கும், மூன்று மழை போனால் ஒட்டு புதைந்திருக்கும். புதைந்த இடத்தில் மேல் ரகமே சொந்தமாக வேர்விடும், அதோடு குட்டைத்தனம் போச்சு. மரம் விதைக்கன்று மாதிரி கிளம்பிவிடும். வருடா வருடம் மழை முடிந்ததும் மண்வெட்டியோடு போய் ஒட்டைத் திறந்துவிடுவது சோதனையின் ஒரு பகுதி, தோட்டவேலை என்று ஒத்திப்போடக் கூடாது.

தூணும் கம்பியும் சொட்டுநீரும் முதல் வருடமே இருக்க வேண்டும். எம்9 வேர் ஆழம் போகாது, எளிதில் ஒடியும், காய்ச்சுமையோடு காற்றடித்தால் சாயும். பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் நீங்கள் சோதிப்பது உங்கள் சோம்பலை. சொட்டுநீர் இல்லாத மானாவாரிச் சரிவு என்றால் இந்தக் குட்டை வகுப்பையே விட்டுவிட்டு எம்எம்111 பக்கம் பாருங்கள். காய்க்கச் சில வருடம் அதிகம் எடுக்கும், ஆனால் வறட்சியில் நிற்கும்.

இனி அளப்பது. மரத்தின் உயரம், அகலம் எல்லாம் கத்தரிக்கோல் தீர்மானிப்பது, அவற்றை நம்ப வேண்டாம். நம்ப வேண்டியது அடிமரம். ஒட்டுக்கு மேலே 30 சென்டிமீட்டரில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், ஒவ்வொரு வருடமும் இலை உதிர்ந்த பிறகு அதே கோட்டில், தையல்காரர் டேப்பால் சுற்றளவு எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி 12.57ஆல் வகுத்தால் அடிமரத்தின் குறுக்குப் பரப்பு கிடைக்கும். 20 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் 400ஐ 12.57ஆல் வகுத்து, ஏறக்குறைய 32 சதுர சென்டிமீட்டர். மரம் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நேர்மையான ஒற்றை எண் கிடையாது. அமெரிக்காவில் என்சி-140 என்று பல மாநிலங்கள் சேர்ந்து 1970களிலிருந்து நடத்தும் வேர்ச்செடிச் சோதனைகளும் இதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கின்றன.

விளைச்சலில் ஒவ்வொரு மரத்தின் எடையும் காய் எண்ணிக்கையும் இரண்டும் வேண்டும். எடை மட்டும் எழுதினால் பெரிய காயா பொடிக்காயா என்று தெரியாது, மண்டியில் லார்ஜுக்கும் பிட்டு என்ற பொடிக்காய்த் தரத்துக்கும் விலை எங்கே இருக்கிறது என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: குறைவாகக் காய் பிடித்த மரத்தில் காய் தானாகவே பெரிதாக இருக்கும். அதைப் பார்த்து இந்த வேர்ச்செடியில் காய் பெரிதாக வருகிறது என்று எழுதிவிடுவார்கள். ஆகவே காய் கழிக்கும்போது எல்லா மரத்தையும் ஒரே சுமைக்குக் கொண்டுவாருங்கள். அடிமரப் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து காய் என்று வைத்தால் 32 சதுர சென்டிமீட்டர் மரத்தில் 160 காய். அதற்கும் குறைவாகப் பிடித்த மரத்தை அப்படியே விட்டு, குறைவு என்று குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு தகவல்தான். முதல் வருடம் காயே வேண்டாம். இரண்டாம் வருடம் நடுத்தண்டு பாதிக் கம்பியைத் தாண்டிய மரத்தில் மட்டும் கொஞ்சம் விடலாம்.

இப்போது கணக்கு, இங்கேதான் தலைகீழாக ஆகும். ஒரு எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம், எண்கள் நானாகப் போட்டவை. ஐந்து வருடம் சேர்த்து ஒரு எம்9 மரம் 32 கிலோ கொடுத்திருக்கிறது, சுற்றளவு 18 சென்டிமீட்டர், பரப்பு சுமார் 26. ஆக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கிலோ. தனித் துண்டில் 4க்கு 2 மீட்டரில் நின்ற எம்எம்106 மரம் 50 கிலோ, சுற்றளவு 28, பரப்பு 62, ஆக 0.8 கிலோ. மரத்துக்கு மரம் பார்த்தால் எம்எம்106 ஜெயித்தது மாதிரி தெரியும். ஹெக்டேருக்குப் போனால் எம்9 3,333 மரம், சுமார் 107 டன். எம்எம்106 1,250 மரம், 62 டன் சொச்சம். எம்9 எங்கேயோ போய்விட்டது. பலரும் இத்தோடு நோட்டை மூடிவிடுகிறார்கள்.

நட்டது 24, உயிரோடு இருப்பது 18 என்றால்? அந்த 32 கிலோ உயிரோடு இருப்பவற்றின் சராசரி. செத்த ஆறையும் பூஜ்யமாகச் சேர்த்தால் நட்ட மரத்துக்கு 24 கிலோ, ஹெக்டேருக்கு 80 டன். இன்னும் எம்9 மேலேதான் இருக்கிறது, ஆனால் 27 டன் காணாமல் போயிருக்கிறது, அதோடு செத்த இடத்தில் மறுகன்று வைத்தால் இரண்டு பக்கமும் வளர்ந்த மரத்துக்கு நடுவில் அது தேறுவது சந்தேகம். எம்9ஓடு அதே வகுப்பில் வைத்த ஜெனீவா மரம் 28 கிலோதான் கொடுத்து 24இல் 23 நின்றிருந்தால், நட்ட மரத்துக்குக் கிட்டத்தட்ட 27 கிலோ. உயிருள்ள மரத்தை மட்டும் பார்த்தவருக்கு எம்9 நல்லது, செத்ததையும் எண்ணியவருக்கு ஜெனீவா நல்லது. ஒரே தோட்டம், ஒரே நோட்டு. பிரசுரத்தில் ஒரு விளைச்சல் எண்ணைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது, எத்தனை நட்டீர்கள் எத்தனை இருக்கிறது என்பதுதான்.

செத்தால் பிடுங்கி எறியாமல் ஏன் என்று பாருங்கள். வேரில் வெள்ளை நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தால் வெள்ளை வேரழுகல், அது இங்கே எந்த வேர்ச்செடியையும் பெரிதாக விட்டுவைப்பதில்லை, வடிகாலைப் பாருங்கள். மண்மட்டத்தில் பட்டை பழுப்பாகி அழுகியிருந்தால் கழுத்தழுகல், எம்எம்106க்கு இது ஒரு பலவீனம். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் பஞ்சு அசுவினி. எம்9இலும் ஜி11இலும் எதிர்பார்க்கலாம், ஜி41இலும் எம்எம் வரிசையிலும் வரக் கூடாது, வந்திருந்தால் கன்று மாறியிருக்கிறதா என்று யோசியுங்கள். ஒட்டிலேயே படக்கென்று உடைந்திருந்தால் அது வேறு. ஜி41இல் சில ரகங்களுக்கு இளம் வயதில் ஒட்டு பலவீனமாக இருக்கும், கன்றை இறக்கும்போதும் கட்டும்போதும் கையை வைத்துச் சாய்க்காதீர்கள், முதல் நாளே கம்பியில் கட்டிவிடுங்கள்.

இன்னொரு சாவு இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாளாயிற்று. வெளிநாட்டு வேர்ச்செடி வாங்கி, பக்கத்துத் தோட்டத்துப் பழைய மரத்திலிருந்து குச்சி எடுத்து ஒட்டுவது இங்கே சகஜம். அந்தப் பழைய மரத்தில் வைரஸ் இருக்கும், விதைக்கன்று வேரில் அது ஒன்றும் செய்யாமல் பல வருடம் கிடந்திருக்கும். அதே குச்சி ஜி16, ஜி935 போன்றவற்றில் ஏறினால் அவை தாங்காது, கன்று தேம்பிப் போகும். வேர்ச்செடி மோசம் என்று எழுதிவைத்துவிட்டோம், பிறகுதான் குச்சியின் வேலை என்று புரிந்தது. சோதனைக்கு வைரஸ் பரிசோதித்த குச்சி மட்டும்.

வேர்க்கன்று எத்தனை முளைத்தது என்பதை வருடா வருடம் எண்ணிவிட்டு வெட்டுங்கள், அடிமரத்தில் வேர்முண்டு, அதாவது வேர்விடப் பார்க்கும் புடைப்பு, இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. இவை கூலிச் செலவு சம்பந்தப்பட்டவை, வேர்ச்செடியைத் தள்ளிவிடும் அளவுக்கு அரிதாகவே போகும்.

முடிவுக்கு எத்தனை வருடம்? ஆராய்ச்சி நிலையங்களில் 8 முதல் 10 வருடம் வரை பார்ப்பார்கள். உங்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது, எனக்கும் இல்லை. ஐந்தாம் வருட முடிவில் உயிர் பிழைத்தது, இடத்தை நிரப்பியது, சேர்ந்த விளைச்சல் மூன்றும் தெரிந்துவிடும். ஒரு வருடம் காய்த்து மறு வருடம் ஓய்வெடுக்கும் பழக்கம் எதற்கு இருக்கிறது என்பது மட்டும் இன்னும் இரண்டு மூன்று வருடம் கேட்கும். ஆகவே எந்த ஒற்றை வருடத்தையும் பார்த்துத் துள்ள வேண்டாம், கூட்டுத்தொகையைப் பாருங்கள். வித்தியாசம் நிஜமா தற்செயலா என்பதற்குப் புள்ளியியல் படிக்க வேண்டியதில்லை. இரண்டிரண்டு வேர்ச்செடியாக எடுத்து ஆறு துண்டிலும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறிலும் ஒரே வேர்ச்செடி மேலே இருந்தால் நம்பலாம், காசு சுண்டி ஆறு முறையும் தலை விழுவது 64இல் ஒன்று. நான்கில் மேலே, இரண்டில் கீழே என்றால் இரண்டும் உங்கள் நிலத்தில் ஒன்றுதான், விலை மலிவானதை வாங்குங்கள்.

ஆனால் தலைகீழாக வந்த அந்த இரண்டும் கீழ்ச்சரிவுத் துண்டுகளாகவே இருந்தால் அதை ஒதுக்காதீர்கள். எங்கள் சோதனையில் அப்படித்தான் வந்தது. கீழே தண்ணீர் தங்கும் இரண்டு துண்டுக்கு ஒரு வேர்ச்செடி, மேலே மற்ற நாலுக்கு வேறொன்று என்று இரண்டாகப் பிரித்து நட்டோம்.

கடைசியாக, மரத்தில் கட்டும் லேபிளை நம்பி நட வேண்டாம். இரண்டு பனிக்காலத்தில் பாதி உதிர்ந்துவிடும், மீதியில் எழுத்து அழிந்திருக்கும். நட்ட அன்றே எந்த மரம் எங்கே என்று காகிதத்தில் வரைபடம் போட்டு, ஒரு பிரதியை வீட்டிலும் இன்னொன்றை போனில் படமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.